அனிமல், டாக், கேட் போதும், பிள்ளைங்க கையில ஒரு ஆப்ஜெக்ட்ட குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பிளஸ் டூ ரிசல்ட் வர்ற சமயத்துல நம்ம பேப்பர் மாணவர் பக்கத்துல எங்க படிக்கலாம், என்ன படிக்கலாம்னு நிறைய போடுறீங்க, நல்ல விஷயம், எங்க மண்டபம் பக்கம் அந்த பக்கத்த கத்தரிச்சு எடுத்து வச்சுக்கிற வீடுக இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா வேலை கிடைக்கும்ங்கிறதோட விஷயம் நின்னு போகுது. சேந்த பிள்ளை முத வருஷத்துல புரோகிராமிங்க எங்க இருந்து தொடங்கணும்னு யாரும் எழுதக் காணோம். அதுலயும் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங், காலேஜ்ல ஊப்ஸ்னு சொல்லுவாங்களே, புரோகிராம தனக்குன்னு விவரமும் வேலையும் வச்சிருக்கிற ஆப்ஜெக்ட்டுகளா பிரிச்சு எழுதுற முறை, அது நம்ம கடற்கரைப் பிள்ளைங்களுக்குப் போய்ச் சேர்ற விதம் எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறேன், முடிஞ்சா முழுசா போடுங்க.

நான் வீட்டுல இருந்தே சாஃப்ட்வேர் வேலை பாக்குறேன். சாயங்காலம் பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளின்னு அங்கிட்டு இருந்து காலேஜ் பிள்ளைங்க லேப்டாப்ப தூக்கிட்டு சந்தேகம் கேக்க வருவாங்க, பாதிப் பேருக்கு அப்பா கடலுக்குப் போறவர், அம்மா கருவாடு இல்லனா பாசி. நல்ல சூட்டிகையான பிள்ளைங்க. கிளாஸ்னா என்னம்மான்னு கேட்டா புளூபிரிண்ட், அதாவது ஆப்ஜெக்ட் செய்யுறதுக்கான வரைபடம்னு டக்குனு வரும். என்காப்சுலேஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம், அப்ஸ்ட்ராக்ஷன்னு ஊப்ஸோட நாலு தூணையும் மூச்சு விடாம சொல்லுவாங்க, உதாரணம் கேட்டா எல்லாரும் ஒரே உதாரணம், அனிமல்னு ஒரு கிளாஸ், அதுக்குக் கீழ டாக் குரைக்கும், கேட் மியாவ்னு கத்தும். சரி, இந்த லேப்டாப்புல எனக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்ட காட்டு, அதுகிட்ட ஏதாச்சும் கேளுன்னு சொன்னா அங்கதான் முழிக்கிறாங்க. ஏன்னா அவங்க ஒரு ஆப்ஜெக்ட்ட இதுவரைக்கும் பாத்ததே கிடையாது. லேப்ல மேனுவல்ல இருக்கிற புரோகிராம அப்படியே அடிச்சு, அவுட்புட்ட ரெக்கார்ட் நோட்டுல எழுதி, கையெழுத்து வாங்கினா அந்த வாரம் முடிஞ்சு போகும்.

வாத்தியாருகள நான் குறை சொல்ல மாட்டேன். சிலபஸ் அப்படி, லேப் நேரம் அம்புட்டுத்தான். பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துலயே சி பிளஸ் பிளஸ்ல கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் எல்லாம் வந்துடுது, பிளஸ் டூல பைத்தான். ஆக பாடம் இல்லைன்னு சொல்ல முடியாது, எதை வச்சு தொடங்குறோம்ங்கிறதுலதான் கோளாறு. ஜாவாவ எடுத்துக்கோங்க. முத நாள் பிள்ளை அடிக்கிறது பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்ட் மெயின். அதுல அந்த ஸ்டேட்டிக்ங்கிறதுக்கு அர்த்தமே ஆப்ஜெக்ட் எதுவும் இல்லாம ஓடுறதுன்னுதான். ஆப்ஜெக்ட் படிக்க வந்த பிள்ளைக்கு முத வரியிலயே ஆப்ஜெக்ட் தேவையில்லாத ஒண்ண குடுத்து, அதுக்கு விளக்கம் பின்னாடி வரும், இப்ப அப்படியே அடின்னு சொல்றோம். பிள்ளையும் அன்னைக்கே, இது புரிஞ்சுக்கிற விஷயம் இல்ல, அடிக்கிற விஷயம்னு முடிவு பண்ணிடுது.

இந்த ஐடியா பொறந்த கதைய பாத்தா இப்படி சொல்லிக்கொடுக்கிறது எம்புட்டு தலைகீழ்னு தெரியும். நார்வே நாட்டு ஆஸ்லோவுல ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட்னு ரெண்டு பேரு 1960கள்ல சிமுலான்னு ஒரு மொழி செஞ்சாங்க, வெளியில நடக்கிறத கம்ப்யூட்டருக்குள்ள நடத்திப் பாக்குறதுக்காக. சிமுலா 67லதான் கிளாஸ், அதுக்குக் கீழ வர்ற சப்கிளாஸ் எல்லாம் வந்துச்சு. அதுக்கு அப்புறம் அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் ஆராய்ச்சிக்கூடத்துல ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பர்க் எல்லாரும் சேந்து ஸ்மால்டாக்னு ஒரு மொழி செஞ்சாங்க. ஆலன் கே பயாலஜி படிச்சவர், உடம்புல செல்லுக ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கிட்டு வேலை செய்யுறத பாத்து, கம்ப்யூட்டருக்குள்ளயும் தனித்தனி ஆப்ஜெக்ட்டுக மெசேஜ் அனுப்பிக்கிட்டே வேலை செய்யணும்னு நெனச்சார். யாருக்காக செஞ்சாங்கன்னு பாருங்க, பிள்ளைங்களுக்காக. பாலோ ஆல்டோ பள்ளிக்கூடப் பிள்ளைங்கள கூட்டிட்டு வந்து உக்கார வச்சு அடெல் கோல்ட்பர்க் சொல்லிக்கொடுத்தாங்க, அதுவும் 1970கள்லயே. டாலுக்கும் நிகார்டுக்கும் 2001க்கான டூரிங் விருது, கம்ப்யூட்டர் துறையில பெரிய விருது அது, ஆலன் கேக்கு 2003க்கானது. பள்ளிக்கூடப் பிள்ளை தொட்டுப் பாத்து கத்துக்கட்டும்னு செஞ்ச விஷயத்தத்தான் நாம இன்னைக்கு அஞ்சு மார்க் கேள்வியா மாத்தி வச்சிருக்கோம்.

அந்த ஸ்மால்டாக் வம்சத்துல இன்னைக்கும் ஓடுறது ஃபாரோங்கிற மொழி. 1996ல ஆப்பிள் கம்பெனியில ஆலன் கே குழு ஸ்க்வீக்னு ஒண்ணு செஞ்சாங்க, அதுல இருந்து 2008ல பிரிஞ்சு வந்தது இது, பிரான்ஸ் நாட்டு இன்ரியா நிறுவனத்து ஆளுக முன்ன நின்னு நடத்துறாங்க. ஸ்கூல்ல ஸ்கிராட்ச் பாத்த பிள்ளைங்க இருப்பாங்க, அந்த பூனைப் படம் வருமே, அதோட முத வெர்ஷன் ஸ்க்வீக்லதான் எழுதுனது. ஃபாரோ முழுக்க இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாத்துலயும் ஓடும். நம்ம ஊருக்கு முக்கியமான விஷயம், ஒரு தடவ டவுன்லோடு பண்ணிட்டா அப்புறம் நெட்டே வேணாம். காத்தடிச்சா டவர் போற ஊருக்கு இது பெரிய விஷயம். பாடமும் உள்ளயே இருக்கு, ப்ரொஃப்ஸ்டெஃப் கோன்னு அடிச்சு ஓட விட்டா அதுவே ஒவ்வொண்ணா சொல்லிக்கொடுத்துக்கிட்டு போகும்.

திறந்ததும் பிளேகிரவுண்ட்னு ஒரு ஜன்னல எடுங்க. 3 + 4ன்னு அடிச்சு கண்ட்ரோலும் P எழுத்தும் சேத்து அழுத்துங்க, பக்கத்துலயே 7ன்னு வரும். இதுல என்ன இருக்குன்னு தோணும். அங்க நடக்குறது என்னன்னா 3ங்கிற ஆப்ஜெக்ட்டுக்கு பிளஸ்ங்கிற மெசேஜ 4ஓட சேத்து அனுப்புறோம், 3 பதில் சொல்லுது. எண்ணும் ஆப்ஜெக்ட், எழுத்தும் ஆப்ஜெக்ட், உண்மை பொய் கூட ஆப்ஜெக்ட், இஃப் எல்ஸ் கூட மெசேஜ்தான். அடுத்து 1 / 3ன்னு அடிச்சா 0.333ன்னு இழுக்காது, மூணுல ஒண்ணுன்னு பின்னமாவே வச்சிருக்கும், அதோட (2 / 3)ன்னு அடைப்புக்குறி போட்டு கூட்டினா சரியா 1 வரும். மீன்பாட்டுக்குப் பங்கு பிரிக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இத விளக்கவே வேண்டியதில்ல. 100 பேக்டோரியல 98 பேக்டோரியலால வகுக்கச் சொன்னா 9900ன்னு வரும், சி பிளஸ் பிளஸ்ல முழு எண்ணுக்கான சாதாரண இன்ட்ட வச்சு இத செய்யப் போனா பாதியிலேயே எண் இடம் பத்தாம வழிஞ்சிடும்.

இடிக்கிற இடத்தையும் சொல்லிடுறேன், இல்லனா பிள்ளை முத நாளே மூடி வச்சிடும். 3 + 4 * 2ன்னு போட்டா 14ன்னு வரும், 11 வராது, ஏன்னா பிளஸ், பெருக்கல் எல்லாமே சமமான மெசேஜ், இடது பக்கத்துல இருந்து வரிசையா போகும், வேணும்னா அடைப்புக்குறி போட்டுக்கணும். வரிசையில இடம் எண்ணுறது 0ல தொடங்காது, 1ல தொடங்கும். ஒத்தை மேற்கோள்குறிக்குள்ள இருந்தா எழுத்து, ரெட்டைக்குள்ள இருந்தா அது குறிப்பு. இதெல்லாம் ஒரு சாயங்காலத்துல பழகிடும். ரொம்ப குழப்புறது வேற, என் புரோகிராம் எந்த பைல்ல இருக்குன்னு தேடுவாங்க. இங்க அப்படி தனித்தனி பைல்ல உக்காந்து எழுதுற பழக்கம் இல்ல, எல்லாம் சேந்து இமேஜ்னு ஒரே இடத்துல உயிரோட இருக்கும். சேவ் பண்ணி மூடிட்டு மறுநாள் திறந்தா ஜன்னலுக எல்லாம் விட்ட இடத்துலயே இருக்கும், நீங்க செஞ்ச ஆப்ஜெக்ட்டும் நேத்து இருந்த மதிப்போடயே நிக்கும். சேவ் பண்றதுக்கு முன்ன கரண்ட் போச்சுன்னாலும் எழுதின மெத்தடு, அதாவது ஒரு மெசேஜ் வந்தா என்ன செய்யணும்னு எழுதுற கோடு, எல்லாம் தனியா ஒரு பைல்ல பதிவாயிருக்கும், அங்க இருந்து மீட்டுக்கலாம்.

இப்ப எங்க வீட்டுத் திண்ணையில நடந்தத எழுதுறேன். தங்கச்சிமடத்துல இருந்து வர்ற ரெண்டாவது வருஷத்துப் பொண்ணு ஒண்ணு, அனிமல் வேணாம்மா, உனக்குத் தெரிஞ்சத எடுன்னு சொன்னதும் படகுன்னு ஒரு கிளாஸ் போட்டுச்சு. கோடு இங்கிலீஷ்லதான் அடிக்கணும், பேப்பருக்காக நான் தமிழ்ல எழுதுறேன். பேரு, டீசல்னு ரெண்டு விஷயம் அதுக்குள்ள. ரெண்டு படகு உண்டாக்கி ரெண்டையும் இன்ஸ்பெக்ட், அதாவது உள்ள என்ன இருக்குன்னு திறந்து பாக்கச் சொன்னேன், ரெண்டு ஜன்னல் பக்கத்துல பக்கத்துல திறந்துச்சு. ஒண்ணுக்கு டீசல் 200 போட்டுச்சு, அந்த ஜன்னல்ல 200ன்னு மாறுச்சு, பக்கத்து ஜன்னல்ல ஒண்ணும் ஆகல. கொஞ்ச நேரம் ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்துட்டு, "அப்ப கிளாஸுக்கு டீசல் கிடையாது, படகுக்குத்தான் டீசல், என்னக்கா?"ன்னு கேட்டுச்சு. புளூபிரிண்ட்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கின அதே பொண்ணுதான்.

அப்புறம் படகுகிட்ட போலாமான்னு ஒரு மெசேஜ் அனுப்புன்னேன். அந்த மெசேஜ அது இன்னும் எழுதவே இல்ல, அதனால எனக்கு இது புரியலன்னு படகு சொல்ற மாதிரி, தப்பு எங்கன்னு காட்டுற டீபக்கர் ஜன்னல் வந்து நின்னுச்சு. வேற மொழியா இருந்தா எரர் வந்து புரோகிராம் செத்துப் போயிருக்கும், திரும்ப முதல்ல இருந்து ஓட்டணும். இங்க அந்த ஜன்னல்லயே கிரியேட்னு ஒரு பட்டன் இருக்கு, அத அழுத்தி, எந்த கிளாஸ்னு சொல்லி, அங்கனயே மெத்தட எழுதி, ப்ரொசீட் குடுத்தா நின்ன இடத்துல இருந்து மேல ஓடும். எரர் வந்தா பயந்து லேப்டாப்ப என் பக்கம் திருப்புற பிள்ளைங்க, இதுக்கு அப்புறம் அந்த ஜன்னல் எப்ப வரும்னு பாக்க ஆரம்பிச்சிடுறாங்க.

அந்த போலாமாங்கிற மெசேஜுக்குள்ள என்ன எழுதணும்ங்கிறதுதான் நம்ம கடற்கரை சொல்லிக்கொடுத்த பாடம். பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டா எந்தப் படகுக்கும் கிடையாது, மீன்துறையில டோக்கன் குடுக்க மாட்டாங்க. அது எல்லாருக்கும் பொது, ஆக படகுங்கிற மேல் கிளாஸ்ல எழுதியாச்சு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அது விசைப்படகுக்கு மட்டும்தான், நாட்டுப்படகு கரையோரமா தொழில் பாத்துக்கலாம். அதனால விசைப்படகுன்னு ஒரு சப்கிளாஸ், அதுல மேல இருக்கிற படகோட பதில முதல்ல கேட்டுக்கிட்டு, அதுக்கு மேல தேதியையும் பாக்குற மாதிரி எழுதுச்சு. நாட்டுப்படகுன்னு இன்னொரு சப்கிளாஸ், அதுக்குள்ள ஒண்ணுமே எழுதல. எல்லாப் படகையும் ஒரு வரிசையில போட்டு ஒவ்வொண்ணுகிட்டயும் அதே போலாமாவ அனுப்புச்சு. விசைப்படகு முடியாதுன்னுச்சு, நாட்டுப்படகு போலாம்னுச்சு. "அதுக்குள்ளதான் ஒண்ணுமே எழுதலையேக்கா, எப்படி பதில் சொல்லுது?"ன்னு கேட்டுச்சு. பதில நான் சொல்லல, டீபக்கர்ல உள்ள இறங்கி இறங்கி பாக்கச் சொன்னேன். மெசேஜ் முதல்ல நாட்டுப்படகுல தேடி, அங்க இல்லாம, மேல படகு கிளாஸுக்கு ஏறிப் போறது கண்ணு முன்னாடி தெரிஞ்சுச்சு. அதுதான் இன்ஹெரிட்டன்ஸ். விசைப்படகா இருந்தா இப்படி, நாட்டுப்படகா இருந்தா அப்படின்னு ஒரு இஃப் கூட அந்த வரிசையில போடல பாரு, அதுதான் பாலிமார்பிசம்னு சொன்னேன், அவ்வளவுதான் என் பங்கு. பைபர் வள்ளத்தையும் சேக்கவான்னு கேட்டுட்டு புது கிளாஸ் ஒண்ண அதுவே போட்டுச்சு, பழைய கோடுல ஒரு எழுத்து மாத்தல, வரிசை அப்படியே ஓடுச்சு. நாலு தூண்ல ரெண்டு தூண் நம்ம படகுத்துறையிலயே நிக்கிது சார், நாம ஏன் குரைக்கிற நாய தேடிப் போகணும்?

இன்னொரு சௌகரியம், ஃபாரோ எழுதப்பட்டதே பெரும்பாலும் ஃபாரோவுலதான், அதோட கோடு முழுக்க உள்ளயே திறந்து கிடக்குது. ஒரு மெசேஜ் மேல நின்னுக்கிட்டு இத யார் யார் அனுப்புறாங்க, யார் யார் எழுதி வச்சிருக்காங்கன்னு கேட்டா பட்டியலே வரும். அனுபவசாலி எழுதின கோட படிச்சுப் பழகுறது நம்ம காலேஜ்கள்ல கிட்டத்தட்ட இல்லவே இல்ல.

உடனே வர்ற கேள்வி எனக்குத் தெரியும், பெத்தவங்களே கேக்குறாங்க, இத படிச்சா வேலை கிடைக்குமா? ஃபாரோ தெரியும்னு சொன்னா மட்டும் சென்னையிலயோ பெங்களூர்லயோ கூப்பிட்டு வேலை குடுக்க மாட்டாங்க, ஜாவா, பைத்தான் கேப்பாங்க, அத மறைக்கக் கூடாது. ஆனா இன்டர்வியூல கேக்குற பாதி விஷயம் இந்த ஸ்மால்டாக் வீட்டுல பொறந்ததுதான். எம்விசின்னு கேப்பாங்களே, புரோகிராம மாடல், வியூ, கன்ட்ரோலர்னு மூணா பிரிச்சு எழுதுறது, அது ட்ரிக்வே ரீன்ஸ்காக் 1970கள் கடைசியில அதே பார்க் ஆராய்ச்சிக்கூடத்துல ஸ்மால்டாக்குக்காக யோசிச்சது. ஜாவாவுல டெஸ்ட் எழுதுற ஜேயூனிட்டுக்கு முன்னோடி கென்ட் பெக் ஸ்மால்டாக்ல எழுதின எஸ்யூனிட். ரூபி, ஆப்ஜெக்டிவ் சி ரெண்டும் ஸ்மால்டாக்க பாத்து வந்த மொழிக. படகை வச்சு போலாமா எழுதின பொண்ணுக்கு ஜாவாவுல அதே விஷயத்த எழுத இலக்கணம் மட்டும்தான் புதுசு, விஷயம் புதுசு இல்ல.

இல்ல, சிலபஸ்ல ஜாவாதான் இருக்கு, வேற எதுக்கும் நேரமில்லன்னு காலேஜ்ல சொன்னா அதுக்கும் வழி இருக்கு. புளூஜேன்னு ஒரு சாஃப்ட்வேர், மைக்கேல் கோலிங்னு ஒருத்தர் முன்ன நின்னு செஞ்சது, 1999ல இருந்து இருக்கு, இதுவும் இலவசம், ஜாவா கத்துக்கிறவங்களுக்குன்னே செஞ்சது. அதுல கிளாஸ் ஒரு கட்டமா திரையில தெரியும், அது மேல ரைட் கிளிக் பண்ணி நியூ குடுத்தா கீழ செகப்பா ஒரு ஆப்ஜெக்ட் வந்து உக்காரும், அத ரைட் கிளிக் பண்ணா அதுகிட்ட கேக்கக்கூடிய மெத்தடு எல்லாம் வரிசையா வரும், இன்ஸ்பெக்ட் பண்ணா உள்ள என்ன இருக்குன்னு தெரியும். மெயின் எழுதாமலேயே ஆப்ஜெக்ட்டோட பேசலாம். சிலபஸ்ல ஒரு எழுத்து மாத்த வேணாம், லேப்ல இத போட்டு விட்டாலே போதும், முதல் ரெண்டு மாசம் இதுல ஓட்டிட்டு அப்புறம் எக்லிப்ஸோ வேற எதுவோ அதுக்குப் போகட்டும். எடுத்த எடுப்புல எக்லிப்ஸ் மாதிரி பெரிய சாஃப்ட்வேர திறந்து உக்கார வச்சா பிள்ளை மெனுவ பாத்தே மிரண்டு போகுது.

ரெண்டுல எதுன்னு என்னைக் கேட்டா ஃபாரோதான் சொல்லுவேன், புளூஜேல ஆப்ஜெக்ட்ட தொடலாம், ஆனா ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே மாத்தி எழுதிட்டு மேல போற சுகம் ஃபாரோவுலதான் இருக்கு. பரீட்சை நெருங்கி வர்ற பிள்ளைக்கு புளூஜே.

இத எல்லாம் உங்களுக்கு எழுதக் காரணம், ரெண்டு கோரிக்கை இருக்கு. நம்ம பேப்பர் மாணவர் பக்கத்துல வாரம் ஒரு கால் பக்கம் புரோகிராமிங்குக்கு ஒதுக்குங்க. கம்ப்யூட்டர் துறையின் எதிர்காலம்ங்கிற மாதிரி கட்டுரை வேணாம், அந்த வாரம் பிள்ளை உக்காந்து செஞ்சு பாக்குற மாதிரி ஒரே ஒரு கணக்கு, தமிழ்ல விளக்கம், உதாரணம் நம்ம ஊருது, ஏலக்கூடத்துல நண்டு எடை போடுறது, பனங்காட்டுல கருப்பட்டிக் கணக்கு, மண்டபம் ஸ்டேஷன்ல ரயில் நின்னு போறது, பாம்பன் புதுப் பாலத்துல கப்பலுக்காக நடுவுல தூக்குறது. அந்தப் பாலம் ஒண்ணே போதும், ரயில் வருது, கப்பல் வருது, பாலம் யாருக்கு என்ன பதில் சொல்லணும்னு ஒரு மாசத்துக்கு எழுதலாம். எழுதித் தர்றதுக்கு ஆள் கிடைக்கலன்னா நான் தர்றேன், காசு எதுவும் வேணாம்.

ரெண்டாவது, தடைக்காலமும் கோடை லீவும் ஒண்ணாத்தான் வருது. விசைப்படகு எல்லாம் கரையில கட்டிக் கிடக்கும், பிள்ளைங்க வீட்டுல இருப்பாங்க, பெருசுக வலை பின்னிக்கிட்டு மராமத்து பாத்துக்கிட்டு வீட்டோட இருப்பாங்க. அந்த சமயத்துல ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்துலயும், தொண்டி, கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்து கிளை நூலகங்கள்லயும் இதுக்குன்னு கொஞ்ச நாள் பயிற்சி வச்சா நல்லா இருக்கும். நெட் வேணாம், ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டாப் போதும். நூலகத்துறையோ கலெக்டர் ஆபீஸோ இத படிச்சா யோசிக்கணும். ஊருக்கு நாலு பேரு என்னை மாதிரி வீட்டுல இருந்து வேலை பாக்குறவங்க இப்ப இருக்கோம், சாயங்காலம் வந்து உக்காந்து சொல்லிக்கொடுக்க நாங்க தயார், இடமும் கரண்டும் குடுத்தாப் போதும். அடுத்த ஏப்ரலுக்குள்ள பேசி முடிச்சா அந்த லீவுக்கே ஆரம்பிச்சிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்